பிஞ்சு மூளையும் கதிர்வீச்சும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கர்ப்பம் என்று தெரியாமல் எக்ஸ்ரே எடுத்துக்கொண்டேன். குழந்தையின் மூளைக்கு ஏதாவது ஆகிவிடுமா?

இதை முதலில் சொல்லிவிடுகிறேன். இந்தக் கவலையோடு வருகிறவருக்கு மற்றதைப் படிக்கும் பொறுமை இருக்காது. ஒரு எக்ஸ்ரேயால் மூளை வளர்ச்சி கெட்டுப்போகாது. பல், கை, கால், கழுத்து என்று எதை எடுத்திருந்தாலும் கரு வரைக்கும் போய்ச் சேர்வது கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. மார்பு எக்ஸ்ரேயில் கருவுக்குக் கிடைப்பது 0.01 மில்லிகிரேக்கும் குறைவு. வயிற்றையே நேராக எடுத்தாலும் சராசரியாக 1.4 மில்லிகிரேதான். மூளை பற்றிய கவலை தொடங்கும் எல்லையாக மருத்துவ உலகம் வைத்திருப்பது 100 மில்லிகிரே. அறிவுத்திறன் கடுமையாகக் குறைந்தது ஐயமின்றிக் காணப்பட்டதோ அதற்கும் வெகு மேலே.

இடுப்புப் பகுதி சி.டி. ஸ்கேனில் அளவு கூடும். அதில் கருவுக்குச் சராசரியாக 25 மில்லிகிரே, அதிகபட்சமாக 80 வரை போகலாம். ஒன்றுக்கு மேற்பட்ட வயிற்று சி.டி. எடுத்திருந்தாலோ, எக்ஸ்ரேயை ஓடவிட்டபடியே நீண்ட நேரம் செய்த சிகிச்சை ஏதாவது இருந்தாலோ, அந்த மருத்துவமனையின் மருத்துவ இயற்பியலாளரிடம் கருவுக்குப் போன அளவைக் கணக்கிட்டுத் தரச் சொல்லுங்கள். இது அவர்களுடைய அன்றாட வேலைதான். தயங்காமல் கேட்கலாம்.

மில்லிகிரே என்றால் என்ன?

ஒரு கிலோ திசு ஒரு ஜூல் ஆற்றலை உள்வாங்கினால் அது 1 கிரே. அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு மில்லிகிரே. எக்ஸ்ரேக்கும் காமா கதிருக்கும் மில்லிசீவர்ட் என்ற அலகிலும் அதே எண்தான் வரும் என்று வைத்துக்கொள்ளலாம். மண்ணிலிருந்தும் காற்றிலிருந்தும் வானத்திலிருந்தும் மனிதருக்கு இயற்கையாக வந்து சேருவது உலகச் சராசரியில் ஆண்டுக்கு 2.4 மில்லிசீவர்ட்.

வெப்பமாகப் பார்த்தால் 1 கிரே ஒரு பொருட்டே அல்ல. உடல்சூடு ஒரு டிகிரியில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட ஏறாது. அந்தச் சொற்ப ஆற்றல் டி.என்.ஏ. இழையை அறுக்கும் இடத்தில் போய் விழுவதுதான் சிக்கல்.

பெரியவர்களின் மூளை தாங்குவதை வளரும் மூளை ஏன் தாங்குவதில்லை?

கதிர்வீச்சு அதிகம் கொல்வது பிரிந்துகொண்டிருக்கும் செல்களை. வளர்ந்தவரின் மூளையில் நரம்பணுக்கள் பிரிவதில்லை. கருவின் மூளையிலோ அந்த நேரத்தில் நடப்பது செல்பிரிவும் பயணமும்தான்.

மூளையின் நடுவே திரவம் நிறைந்த அறைகள் இருக்கின்றன. அவற்றின் சுவரை ஒட்டிய பகுதியை நாற்றங்கால் என்று நினைத்துக்கொள்ளுங்கள். நரம்பணுக்கள் அங்கே முளைக்கின்றன, ஆனால் வேர்விட வேண்டிய இடம் வெளிப்புறத்தில் உள்ள மூளைப் புறணி. அறைச்சுவரிலிருந்து புறணி வரை நூல் கட்டியதுபோல நீண்டிருக்கும் துணைச் செல்களைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு நரம்பணுவும் ஏறிப்போகிறது. முதலில் போனவை ஆழமான அடுக்கில் தங்க, பின்னால் வருபவை அவற்றைத் தாண்டிப் போய் மேல் அடுக்குகளை நிரப்புகின்றன. இந்த வேளையில் பெரிய அளவில் கதிர்வீச்சு பட்டால் நாற்றங்காலிலேயே செல்கள் மடிகின்றன. உடைந்த டி.என்.ஏ.வோடு வாழ்வதைவிடத் தன்னையே அழித்துக்கொள்வது இளம் செல்களின் இயல்பு. எஞ்சியவற்றில் சில வழிதவறி நடுவழியில் நின்றுவிடும். தோலிலோ குடலிலோ இப்படி இழந்ததை உடல் ஈடுகட்டிவிடும். புறணியில் அதற்கு வழியில்லை. அந்த நடவுக்கு ஒரே ஒரு பருவம்தான்.

எந்த வாரங்கள் அதிக ஆபத்தானவை?

கருவுற்றதிலிருந்து 8 முதல் 15 வாரம். அடுத்து 16 முதல் 25 வாரம், ஆனால் ஆபத்து அதைவிடக் குறைவு. 8 வாரத்துக்கு முன்போ 25 வாரத்துக்குப் பின்போ கதிர்வீச்சு பட்டவர்களிடம் கடுமையான அறிவுத்திறன் குறைபாடு கூடுதலாகக் காணப்படவில்லை.

இங்கே ஒரு கணக்குக் குழப்பம் அடிக்கடி நேர்கிறது. மகப்பேறு மருத்துவர் சொல்லும் வாரம் கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து எண்ணுவது. மேலே சொன்னது கருவுற்ற நாளிலிருந்து. அதனால் உங்கள் அட்டையில் எழுதியிருக்கும் கணக்குப்படி அது 10 முதல் 17 வாரம். இந்த இரண்டு வாரத்தைக் கவனிக்காமல் வீணாகப் பயந்தவர்களும் உண்டு, வீணாக நிம்மதியடைந்தவர்களும் உண்டு.

இதெல்லாம் எப்படித் தெரிய வந்தது?

முதல் எச்சரிக்கை சிகிச்சை அறையிலிருந்துதான் வந்தது. கர்ப்பமாக இருந்தபோது இடுப்புப் பகுதியில் ரேடியம் அல்லது எக்ஸ்ரே சிகிச்சை பெற்ற பெண்களின் குழந்தைகள் சிலர் மிகச் சிறிய தலையோடு பிறந்ததை 1929இல் அமெரிக்க மருத்துவர்கள் கோல்ட்ஸ்டைனும் மர்ஃபியும் எழுதினார்கள்.

இன்று நாம் வைத்திருக்கும் எண்கள் பெரும்பாலும் ஹிரோஷிமா, நாகசாகியில் 1945 ஆகஸ்டில் வயிற்றில் இருந்த பிள்ளைகளிடமிருந்து கிடைத்தவை. 1947இல் அமெரிக்கா தொடங்கிய அணுகுண்டுப் பாதிப்பு ஆணையமும், 1975இல் அதன் இடத்துக்கு வந்த அமெரிக்க-ஜப்பான் கூட்டு ஆய்வு நிறுவனமும் இவர்களைப் பல பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்தன. சுமார் 1,600 பேரில் 30 பேருக்குக் கடுமையான அறிவுத்திறன் குறைபாடு இருந்தது. அவர்களிலும் சிலருக்கு டவுன் சிண்ட்ரோம், மூளைக்காய்ச்சல் போன்ற வேறு காரணங்கள் இருந்தன. ஓட்டகே, ஷல் என்ற இரு ஆய்வாளர்கள் 1984இல் ஒவ்வொருவரையும் கருவின் வயதுவாரியாகப் பிரித்து அடுக்கியபோதுதான் 8 முதல் 15 வாரம் என்ற கொத்து துலங்கியது. அந்த வாரங்களில் 1 கிரே பட்டவர்களில் ஏறத்தாழ நூற்றுக்கு 40 பேருக்குக் கடுமையான குறைபாடு. கதிர்வீச்சு படாதவர்களிடம் அது நூற்றுக்கு ஒருவர் அளவில்தான் இருந்தது. அதே 1 கிரேக்கு ஐ.க்யூ. சுமார் 25 புள்ளிகள் இறங்கியது. பள்ளி மதிப்பெண்களும் அதே வாரக் கணக்கில் இறங்கின. வலிப்பும் கூடியது.

பிற்காலத்தில் இவர்களில் சிலரை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தார்கள். புறணியில் இருக்க வேண்டிய சாம்பல்நிறத் திசு, மூளை அறைகளின் ஓரத்திலேயே திட்டாக நின்றிருந்தது. 1945இல் புறப்பட்டுப் போய்ச் சேராத நரம்பணுக்கள் அவை. கருவின் மூளையில் கதிர்வீச்சு என்ன செய்கிறது என்பதற்கு அதைவிட நேரடியான சாட்சியம் எனக்குத் தெரிந்து இல்லை.

சிறிய தலையோடு பிறந்த அந்தப் பிள்ளைகளும் பெற்றோரும் சேர்ந்து 1965இல் ஹிரோஷிமாவில் ‘கினோகோ-காய்’, அதாவது ‘காளான் சங்கம்’ என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். அதுவரை இருபது ஆண்டுகள் ஒருவரையொருவர் அறியாமலே இருந்த குடும்பங்கள்தான் பல.

ஒன்றை மறக்கக் கூடாது. அந்தத் தாய்மார்கள் கதிர்வீச்சோடு தீக்காயத்தையும் பட்டினியையும் இழப்பையும் சேர்த்துத்தான் தாங்கினார்கள். எண்களைப் பிரித்தெடுத்தாலும் அந்தக் கலப்பு முழுக்க விலகாது.

100 மில்லிகிரேயில் ஒரு குழந்தைக்கு எவ்வளவு அறிவு குறையும்?

மேலே சொன்ன விகிதத்தை அப்படியே கீழே நீட்டினாலும் மூன்று புள்ளிக்குள்தான் வரும். ஒரே குழந்தைக்கு இரண்டு வெவ்வேறு நாளில் ஐ.க்யூ. சோதனை வைத்தால் அதைவிடக் கூடுதலாக மாறும். அதனால் ஒரு தனிக் குழந்தையைக் காட்டி ‘இது அந்த ஸ்கேனால் வந்தது’ என்று யாராலும் சொல்ல முடியாது.

கருவைக் கலைத்துவிடச் சொல்கிறார்கள். என்ன செய்வது?

கருவுக்குப் போனது 100 மில்லிகிரேக்குக் குறைவு என்றால் கதிர்வீச்சைக் காரணம் காட்டிக் கலைப்பது நியாயமாகாது. கதிர்வீச்சுப் பாதுகாப்புக்கான சர்வதேச ஆணையம் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட கர்ப்பகால வழிகாட்டியில் இது தெளிவாகவே இருக்கிறது. அதற்கு மேல் போயிருந்தால் எந்த வாரம், எவ்வளவு என்பதை வைத்து மருத்துவரோடு உட்கார்ந்து பேச வேண்டும். எண் தெரியாமல் முடிவெடுக்கக் கூடாது.

1986 ஏப்ரல் 26 செர்னோபில் அணுஉலை விபத்துக்குப் பிறகு கிரீஸில் நடந்ததைச் சொன்னால் இதன் கனம் புரியும். அங்கே வந்து விழுந்தது மிகச் சொற்பம். ஆனாலும் அச்சத்தில், அப்போது தொடக்க நிலையில் இருந்த கர்ப்பங்களில் 23 விழுக்காடு கலைக்கப்பட்டதாக மறு ஆண்டே வந்த ஓர் ஆய்வு கணக்கிட்டது. விரும்பிச் சுமந்த கருக்கள் சுமார் 2,500. அங்கே வந்த கதிர்வீச்சால் அதில் ஒரு கருவின் மூளைகூடக் கெட்டிருக்காது என்றே நினைக்கிறேன்.

பிறந்த பிறகு மூளை பாதுகாப்பாகிவிடுமா?

கருவைவிடப் பாதுகாப்பு, பெரியவர்களைவிடக் குறைவு. நரம்பிழைகளுக்கு உறை போடும் வேலையும் இணைப்புகளைக் கூட்டிக் கழிக்கும் வேலையும் பிறந்த பின் பல ஆண்டுகள் நடக்கின்றன. இதைப் பற்றி நமக்குத் தெரிந்தது, அந்தக் காலத்தில் நல்லெண்ணத்தோடு செய்த இரண்டு சிகிச்சைகளிலிருந்து.

முதலாவது தலைப்படை. பூஞ்சை பிடித்த முடியை உதிர்க்க எக்ஸ்ரே கொடுப்பது 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் பல நாடுகளில் வழக்கமான வைத்தியம். இஸ்ரேலில் 1948க்குப் பிந்தைய ஆண்டுகளில் இப்படிச் சிகிச்சை பெற்ற சுமார் 10,800 குழந்தைகளைப் பின்னால் தேடிக் கண்டுபிடித்து ஆராய்ந்தார்கள். பெரும்பாலும் மத்திய கிழக்கிலிருந்தும் வட ஆப்பிரிக்காவிலிருந்தும் குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகள். மூளைக்குப் போனது சராசரியாக 1.5 கிரே. அவர்களின் தேர்வு மதிப்பெண்ணும் ஐ.க்யூ.வும், அவர்கள் பள்ளியில் படித்த ஆண்டுகளும், சிகிச்சை பெறாத உடன்பிறப்புகளையும் ஒத்த பின்னணிப் பிள்ளைகளையும்விடக் கொஞ்சம் குறைவு. சில மனநலக் கோளாறுகள் கொஞ்சம் கூடுதல். மூளையுறைக் கட்டியும் தைராய்டு புற்றும் வந்தது தனிக் கதை. 1950களின் கடைசியில் கிரைசியோஃபுல்வின் மாத்திரை வந்ததும் இந்த எக்ஸ்ரே வழக்கொழிந்தது.

இரண்டாவது சுவீடன். தோலில் சிவந்த இரத்தநாளக் கட்டியோடு பிறந்த குழந்தைகளுக்கு 1930 முதல் 1959 வரை அங்கே கதிர் சிகிச்சை கொடுத்தார்கள். ஒன்றரை வயதுக்குள் அதைப் பெற்ற ஆண்கள் 3,094 பேரின் ராணுவச் சேர்ப்புத் தேர்வு முடிவுகளையும் படிப்பையும் 2004இல் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். மூளைக்கு ஏறக்குறைய எதுவும் போகாதவர்களில் 32 விழுக்காட்டினர் மேல்நிலைப் பள்ளிக்குப் போயிருந்தார்கள். 250 மில்லிகிரேக்கு மேல் வாங்கியவர்களில் 17 விழுக்காட்டினர்தான். கற்கும் திறனும் தர்க்கமும் குறைந்திருந்தன, வடிவங்களை அடையாளம் காணும் திறன் குறையவில்லை. பின்னால் வந்த ஆய்வுகள் எல்லாம் இதே அழுத்தத்தில் முடிவு சொல்லவில்லை என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

என் பிள்ளை கீழே விழுந்து தலையில் அடிபட்டபோது சி.டி. எடுத்தார்கள். இப்போது படிப்பில் பின்தங்குகிறான். அதனாலா?

பெரும்பாலும் இல்லை. ஒரு தலை சி.டி.யில் குழந்தையின் மூளைக்குப் போவது பொதுவாக 20 முதல் 40 மில்லிகிரே. அந்த ஒரு ஸ்கேனால் படிப்போ நடத்தையோ மாறியதாக நிறுவப்படவில்லை. படிப்பில் பின்தங்கினால் முதலில் அந்தத் தலைக்காயத்தையும், பிறகு கண், காது, தூக்கம், வகுப்பறை எல்லாவற்றையும் பாருங்கள்.

சி.டி.யில் கவனிக்க வேண்டியது புற்றுநோய் பற்றியது. பிரிட்டனில் சிறுவயதில் சி.டி. எடுத்தவர்களை ஆராய்ந்து 2012இல் வந்த முடிவுப்படி, மூளைக்கு மொத்தம் சுமார் 60 மில்லிகிரே சேர்ந்தால் மூளைக்கட்டியின் வாய்ப்பு மூன்று மடங்காகலாம். அந்த வாய்ப்பே மிகச் சிறியது என்பதால் மூன்று மடங்கானாலும் சிறியதுதான். மண்டைக்குள் இரத்தக்கசிவு என்ற சந்தேகம் இருந்தால் ஸ்கேனை மறுக்கவே கூடாது. சந்தேகம் குறைவு என்றால் சில மணி நேரம் கண்காணிப்பில் வைத்துப் பார்க்கலாமா என்றும், எடுப்பதானால் குழந்தைக்குரிய அளவில் கருவியை அமைத்திருக்கிறார்களா என்றும் கேளுங்கள்.

‘நடத்தை’ என்று எதைச் சொல்கிறார்கள்?

மனிதர்களில் கவனம், வேகம், நினைவு, பிறரோடு பழகுவது. விலங்காய்வில் இன்னும் எளிது. சுவீடனின் உப்சாலா பல்கலைக்கழகத்தில் செய்த ஒரு சோதனை முறையைச் சொல்கிறேன். எலிக்குஞ்சுகளுக்கு மூளை வேகமாக வளர்வது பிறந்த பிறகுதான். பத்தாவது நாளில் அவற்றுக்கு 500 மில்லிகிரே கொடுத்து, வளர்ந்த பின் ஒவ்வொன்றையும் புதுக் கூண்டில் விடுகிறார்கள். சாதாரண எலி புது இடத்தில் ஓடி முகர்ந்து ஆராயும், கொஞ்ச நேரத்தில் அலுத்து அடங்கும். கதிர்வீச்சு பட்டது முதலில் மந்தமாக இருக்கும், மற்றது அடங்கும் நேரத்தில் இது அலையத் தொடங்கும். புது இடம் பழகவே இல்லை என்பதுபோல. பத்தொன்பதாவது நாளில் கதிர்வீச்சு கொடுத்த எலிகளிடம் இந்தக் கோளாறு இல்லை. ஒன்பது நாள் இடைவெளி இவ்வளவு செய்கிறது.

ஆட்டிசத்துக்கு எக்ஸ்ரே காரணமா?

அப்படி எதுவும் நிறுவப்படவில்லை.

செர்னோபிலுக்குப் பிறகு பிறந்த பிள்ளைகள்?

இங்கே இரண்டு விஷயங்களைப் பிரித்துப் பேச வேண்டும். ஐயமில்லாதது தைராய்டு. காற்றிலும் பாலிலும் வந்த கதிரியக்க அயோடினைக் குழந்தைகளின் தைராய்டு உறிஞ்சிக்கொண்டது. அன்று 18 வயதுக்குள் இருந்தவர்களில் 2005க்குள் 6,000க்கு மேற்பட்டோருக்குத் தைராய்டு புற்று வந்தது. மூளை வளர்ச்சிக்குத் தைராய்டு ஹார்மோன் அவசியம். கருவின் தைராய்டு மூன்றாம் மாதவாக்கில் அயோடினை இழுக்கத் தொடங்குகிறது. ஆகவே பெரிய அளவில் அயோடின் போனால் மூளைக்கு அது சுற்றுவழித் தாக்குதல்.

விவாதத்துக்குரியது மிகச் சிறிய அளவுகள். செர்னோபில் மேகம் கடந்துபோனபோது 8 முதல் 25 வாரக் கருவாக இருந்த சுவீடன் பிள்ளைகள், மழையோடு அதிகம் விழுந்த பகுதிகளில், பள்ளிப் படிப்பில், குறிப்பாகக் கணக்கில், பின்தங்கியதாகப் பொருளாதார ஆய்வாளர்கள் 2009இல் எழுதினார்கள். நார்வேயிலும் அதே சாயலில் முடிவுகள் வந்தன. அந்தப் பிள்ளைகளுக்குக் கிடைத்திருக்கக்கூடியது சில மில்லிசீவர்ட்தான். செல்களைக் கொல்லும் வழியில் இது பொருந்தவில்லை. புள்ளிவிவரம் நேர்த்தியானது, ஆனால் உயிரியல் கைகொடுக்கவில்லை. என் முடிவு: ஒதுக்கித் தள்ளவும் கூடாது, இதை வைத்து ஒரு கர்ப்பிணியைப் பயமுறுத்தவும் கூடாது.

செர்னோபிலின் மிகப் பெரிய பொதுச் சுகாதாரப் பாதிப்பு மனநலம்தான் என்று ஐ.நா. அமைப்புகள் கூடிய செர்னோபில் மன்றம் 2005இல் சொன்னது. 2011இல் அணுஉலை விபத்து நடந்த புக்குஷிமாவிலும் முதல் ஆண்டுகளில் நடத்தைச் சிக்கல் உள்ள குழந்தைகளின் விகிதம் கூடி, பிறகு படிப்படியாக இறங்கியது. வீடு, பள்ளி, நண்பர்கள் எல்லாவற்றையும் ஒரே நாளில் விட்டுப் போன பிள்ளைகள் அவர்கள்.

புற்றுநோய்க்காகக் குழந்தையின் தலைக்குக் கதிர் சிகிச்சை கொடுக்கப் போகிறார்கள். பிறகு எப்படி இருப்பான்?

உண்மையில் இந்தத் தலைப்பின் கனமெல்லாம் இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. ஒற்றை எக்ஸ்ரேக்குக் கொட்டித் தீர்க்கும் கவலையில் பாதி இங்கே வந்திருக்கலாம். இங்கே அளவு மில்லிகிரேயில் இல்லை, கிரேயில். சிறுமூளையில் வரும் மெடுல்லோபிளாஸ்டோமா என்ற புற்றுக்கட்டிக்குக் கட்டி இருந்த இடத்தில் 54 கிரே வரை, மூளை முழுவதுக்கும் முதுகுத்தண்டுக்கும் 23.4 அல்லது 36 கிரே. அறுவைக்குப் பின் உயிரைக் காப்பதில் இதற்குப் பெரும் பங்கு உண்டு. அதனால் தவிர்க்கச் சொல்ல மாட்டேன், தெரிந்துகொண்டு போகச் சொல்வேன்.

முதலில் குறைவது வேகம். கேள்வி புரியும், பதில் வரத் தாமதமாகும். அடுத்து கவனம், சொன்னதை மனதில் பிடித்துவைத்து வேலை செய்யும் திறன். ஐ.க்யூ. ஆண்டுக்கு 2 முதல் 4 புள்ளி இறங்குவதாக ஆய்வுகள் காட்டின. இதைக் கேட்டுப் பெற்றோர் உடைந்துபோகிறார்கள். பிள்ளை கற்றதை மறந்துகொண்டே வருகிறான் என்று இதற்குப் பொருள் இல்லை. அவனும் கற்கிறான், ஆனால் ஒத்த வயதினர் ஓடும் வேகத்தில் இல்லை. எண் வயதோடு ஒப்பிடுவதால் இடைவெளி இறக்கமாகத் தெரிகிறது. சிகிச்சையின்போது வயது எவ்வளவு குறைவோ பாதிப்பு அவ்வளவு அதிகம். அதனால்தான் மூன்று வயதுக்குள் உள்ளவர்களுக்கு முடிந்தவரை கீமோ கொடுத்துக் கதிரைத் தள்ளிப்போடுகிறார்கள்.

மூளைக்குள் நடப்பது: நரம்பிழை உறையான வெண்பொருள் எதிர்பார்த்தபடி வளராது. நினைவுக்கான ஹிப்போகேம்பஸில் புதிதாகப் பிறக்கும் நரம்பணுக்கள் குறைந்துபோகும். அங்கே நீடிக்கும் அழற்சி அந்தப் பிறப்பைத் தடுக்கிறது என்று 2000களின் தொடக்கத்தில் எலி ஆய்வுகள் காட்டின.

நல்ல செய்தியும் உண்டு. குழந்தை லுக்கீமியாவுக்கு ஒரு காலத்தில் தலைக்கு 24 கிரே கொடுத்தார்கள். அது 18 ஆனது, இன்னும் குறைந்தது, இன்று பெரும்பாலான குழந்தைகளுக்குத் தலைக்குக் கதிரே கிடையாது. முதுகுத்தண்டு வழியே மருந்து செலுத்துவது அந்த இடத்தைப் பிடித்துவிட்டது. கட்டிகளுக்குப் புரோட்டான் சிகிச்சை, பக்கத்து மூளைக்குப் போகும் அளவைக் குறைக்கிறது.

நடைமுறையில் செய்ய வேண்டியவை சில. சிகிச்சைக்கு முன்பே நரம்பு உளவியல் பரிசோதனை ஒன்று எடுத்து வையுங்கள். இல்லாவிட்டால் பின்னால் எதோடு ஒப்பிடுவது? பிறகு ஓரிரு ஆண்டுக்கு ஒருமுறை. மூளையடியில் ஹார்மோன்களை ஆளும் பிட்யூட்டரி சுரப்பி பாதிக்கப்பட்டால் வளர்ச்சி ஹார்மோனும் தைராய்டும் குறையும், அந்த மந்தத்தை மூளைப் பாதிப்பு என்று தவறாக எண்ணிவிடக் கூடாது. சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்து செவித்திறனைக் குறைக்கும், அதையும் சோதியுங்கள். கவனக்குறைவுக்கு மெத்தில்ஃபெனிடேட் என்ற மருந்து சிலருக்குப் பலன் தருகிறது. பள்ளியில் தேர்வுக்குக் கூடுதல் நேரம் எழுத்துமூலமாகக் கேட்டு வாங்குங்கள். முடி வளர்ந்து, முகம் தெளிந்து, பார்க்க நலமாக இருக்கும் பிள்ளையை ஆசிரியர் ‘சோம்பேறி’ என்று சொல்லிவிடுவது சுலபம். இந்தப் பிள்ளைகள் நண்பர்களிடமிருந்து மெல்ல ஒதுங்குவார்கள். சேட்டை செய்து கவனத்தை இழுக்க மாட்டார்கள் என்பதால் அது யார் கண்ணிலும் படாது.

அல்ட்ராசவுண்ட், எம்.ஆர்.ஐ., செல்போன், வைஃபை?

இவை எதிலும் அணுவிலிருந்து எலக்ட்ரானைப் பிய்த்தெடுக்கும் கதிர் இல்லை. இங்கே பேசுவது எதுவும் இவற்றுக்குப் பொருந்தாது.

கருத்தரிப்பதற்கு முன் அப்பாவோ அம்மாவோ கதிர்வீச்சுக்கு ஆளாகியிருந்தால்?

ஹிரோஷிமா, நாகசாகியில் 1948 முதல் 1954 வரை பிறந்த சுமார் 77,000 குழந்தைகளைப் பரிசோதித்தார்கள். பெற்றோரின் கதிர்வீச்சால் பிறவிக் குறைபாடு கூடியதாகத் தெரியவில்லை. ஆனால் தைராய்டு சிகிச்சைக்காகக் கதிரியக்க அயோடின் எடுத்த பெண்கள் குறைந்தது ஆறு மாதம் கருத்தரிப்பைத் தள்ளிப்போட வேண்டும். பாலூட்டுகிறவர்கள் அந்தச் சிகிச்சைக்கு முன்பே பாலை நிறுத்திவிட வேண்டும். சாதாரண எக்ஸ்ரே எடுத்தால் பாலுக்கு எதுவும் ஆகாது.

எக்ஸ்ரே அறையில் வேலை பார்க்கிறேன், இப்போது கர்ப்பம்.

உடனே மேலாளரிடம் எழுத்தில் தெரிவியுங்கள். அறிவித்த நாளிலிருந்து பிரசவம் வரை கருவுக்கு 1 மில்லிசீவர்ட்டைத் தாண்டக் கூடாது என்பது சர்வதேசப் பரிந்துரை. வயிற்றருகே அணிய, கதிர்வீச்சை அளக்கும் பட்டை இன்னொன்று கேட்டு வாங்குங்கள்.

கதிர்வீச்சிலிருந்து மூளையைக் காக்க மாத்திரை உண்டா?

பொட்டாசியம் அயோடைடு தைராய்டை மட்டும், கதிரியக்க அயோடினிடமிருந்து மட்டும் காக்கும். அதுவும் உரிய நேரத்தில், அரசு அறிவித்த பிறகு எடுத்தால். எக்ஸ்ரேக்கு முன் விழுங்கிப் பயனில்லை.

மருத்துவரைப் பார்க்கும்போது கையில் என்ன கொண்டுபோக வேண்டும்?

ஸ்கேன் எடுத்த தேதி, எந்த உறுப்பு, எத்தனை முறை, கடைசி மாதவிலக்கின் முதல் நாள். சி.டி.யாக இருந்தால் படங்களோடு கருவி பதிவுசெய்த அளவு அறிக்கையும் சேர்ந்தே இருக்கும். வெறும் படத்தை மட்டும் வாங்கி வராமல் அந்தப் பக்கத்தையும் கேட்டு வாங்கிவிடுங்கள்.